ஏவும் மொழியும் கேட்கும் மொழியும்

விக்கிரமசிங்கபுரத்திலே, பொருநைக் கரையோரத்துப் பள்ளியிலே, கால்டுவெல்லின் வரலாற்றை நாம் சொல்லிக்கொண்டிருந்தோம். இடையன்குடியில் குடியேறிய அவ்வெள்ளையர் தமிழ் கற்றார். 1856 இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைத் தந்தார் என்றோம். மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, அவர் கடல் கடந்து வந்து நம் மொழியைக் கற்றார். நம்மவரும் கடல் கடந்தனரே, போன இடத்து மொழியைக் கற்றனரா?”

கேள்வி சிறிது. விடையோ நூறாண்டு நீளமுடையது!

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து சென்ற ‘டுரூரோ’ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றனர். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியே போன தமிழரும் தெலுங்கருமே. கரும்புத் தோட்டம் அவர்களை வரவேற்றது. அந்த மண்ணுக்குரிய மக்களோ சூலுக்கள்.

அம்மக்களோடு நம்மவர் எம்மொழியில் பேசினர்? நல்ல சூலு பேசியவர்களும் இருந்தனர். ஆனால் பலருக்கு வாய்த்தது ‘ஃபனகாலோ’ என்னும் கலவை மொழி. சொற்களிற் பெரும்பகுதி சூலு, இலக்கணமோ நறுக்கப்பட்டது. தோட்டத்திலும் அடுக்களையிலும் சுரங்கத்திலும் வேலை வாங்குவதற்கென்றே வளர்ந்த பேச்சு அது. ‘இதை எடு, அதைத் தூக்கு’ என்று ஏவ அது போதும். ‘உன் நிலம் எப்படிப் பறிபோயிற்று?’ என்று கேட்க அது போதுமா?

அதே நேட்டாலில் 1855 இல் குடியேறிய பேராயர் கொலென்சோ, சூலு மொழியை முறையாகக் கற்றார். சூலு மக்களோடு பழகினார். இலக்கணம் எழுதினார், 1861 இல் அகராதி வெளியிட்டார். விவிலியத்தை அம்மொழியில் பெயர்க்கையில், உடனிருந்து உதவிய வில்லியம் இங்கிடி என்ற சூலு, பெருவெள்ளக் கதையைக் கேட்டுவிட்டு, இவையெல்லாம் மெய்தானா என்று வினவினார். பேராயரால் மழுப்ப முடியவில்லை. 1862 இல், மோசேயின் நூல்கள் முழுதும் வரலாறாகா என்று எழுதினார். சபை 1863 இல் அவரைக் குற்றவாளி என்றது. அவர் அஞ்சினாரில்லை. 1879 இல் ஆங்கிலப் படை சூலு நாட்டின் மேல் பாய்ந்தபோது, அநீதி என்று முழங்கினார். சூலுக்கள் அவரை ‘சோபண்டு’, மக்களின் தந்தை, என்றழைத்தனர். போதிக்கப் போனவர் மாணவரானார்!

1947 மார்ச்சில் டாக்டர் நாயக்கர், டாக்டர் தாதூ, டாக்டர் சூமா ஆகிய மூவரும் இந்தியர், ஆப்பிரிக்கர் ஒற்றுமைக்கு ஒப்பந்தம் செய்தனர். தலைவர்கள் கைகோத்தனர்; தெருக்களோ கைகோக்கவில்லை. 1949 சனவரியில் டர்பனில் கலவரம் மூண்டது. மாண்டவர் 142 பேர். அவருள் ஆப்பிரிக்கர் 87, இந்தியர் 50. மொழியறியாமை ஒன்றே காரணம் என்று நாம் கூறோம். பிரித்தாண்ட வெள்ளையாட்சியே முதற் காரணம். ஆனால், ஏவல் மொழியில் பழகிய அண்டை வீட்டார்க்கிடையே பகையை மூட்டுவது எளிதாயிற்று.

சூலுக்கள் சந்திக்கும்போது ‘சவுபோனா’ என்பர். ‘உம்மைக் காண்கிறோம்’ என்பது பொருள். ஒரே தெருவில் வாழ்ந்தும் காணாதிருந்தவர் எத்தனை பேர்! இன்று நிலை மாறி வருகிறது. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் 2014 முதல் புதிய மாணவர்க்குச் சூலுவைக் கட்டாயப் பாடமாக்கியது. தமிழ்வழி வந்த பிள்ளைகளும் கற்கின்றனர்.

மாணவனுக்கு இவ்வளவும் சொல்லி முடித்தோம். பின்னர் பலகணி வழியே பாபநாச மலையைப் பார்த்தோம். அங்கே காணி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுக்கென்று ஒரு பேச்சு உண்டு. ‘தேன் என்ன விலை?’ என்பதற்கு மேல் அவர்களிடம் நாம் கேட்டதுண்டா?

இளைஞர்களே! நம் மொழிக்கு மதிப்புக் கேட்கும் நாம், பிறர் மொழிக்குச் செவி கொடுத்தோமா?