ஓடும் காரில் ஒலி பிறந்த கதை

வரலாறு என்றவுடன் மன்னர்களின் முடிசூட்டு விழாக்களும் போர்க்களங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. நாம் நாள்தோறும் கையாளும் பொருள்களுக்கும் வரலாறு உண்டு. காரில் அமர்ந்து ஒரு பொத்தானைத் தொட்டால் பாட்டுக் கேட்கிறது. அந்தப் பாட்டு எத்தனை தடைகளைத் தாண்டி வந்தது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? அத்தடைகளுள் தலையாயது, கார் பாட்டரியின் மின்னழுத்தம் மிகச் சிறியது என்பதே. அந்தச் சிறுமையோடு மனிதன் நடத்திய போராட்டமே காருக்குள் ஒலி புகுந்த வரலாறு என்பது என் கருத்து.

முதலில் இரண்டு கருவிகளை அறிந்துகொள்வோம். வானொலி அலையிலிருந்து கிடைக்கும் மின்குறிப்பு மிக மெலிந்தது. அதனை வலிமையுடையதாக்குவது பெருக்கி. ஆம்ப்ளிபயர் என்று கடைகளில் வழங்குவது இதுவே. வலிமை பெற்ற மின்னோட்டத்தைக் காற்றின் அதிர்வாக மாற்றுவது ஸ்பீக்கர். 1906-ஆம் ஆண்டில் லீ டி பாரஸ்ட் என்னும் அமெரிக்கர் மூன்று மின்வாய்கள் கொண்ட வால்வை உருவாக்கினார். சில ஆண்டுகளில் அதுவே பெருக்கிகளின் உயிராயிற்று. 1925-ஆம் ஆண்டில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர், காந்தத்தின் நடுவே அசையும் கம்பிச்சுருளும் அதனோடு இணைந்த கூம்பும் கொண்ட ஸ்பீக்கரைச் செம்மைப்படுத்தி வெளியிட்டனர். இன்றைய ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை அந்த நெறியிலேயே இயங்குகின்றன.

ஆகவே 1920-களின் இறுதியில், வீட்டில் வானொலி கேட்பது எளிதாகிவிட்டது. காரில் கேட்பதோ அரிதாகவே இருந்தது. காரணம் என்ன? வால்வின் இழையைச் சூடாக்க 6 வோல்ட் போதும். அதை அக்காலக் கார் பாட்டரி தந்தது. ஆனால் வால்வின் தகட்டுக்கு 100 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் தேவை. அதற்கு எங்கே போவது? ஒவ்வொன்றும் 45 வோல்ட் தரும் உலர் பாட்டரிகள் மூன்று அல்லது நான்கைத் தொடராக இணைத்துக் காரின் அடித்தளத்தில் பெட்டியில் வைத்தார்கள். அவை தீர்ந்தவுடன் புதியன வாங்க வேண்டும். பாட்டுக் கேட்பது செல்வர்களின் பொழுதுபோக்காகவே நின்றது.

இந்நிலையில் சிகாகோ நகரில் பால் கால்வின் என்பவர், தம் தம்பி ஜோசப்போடு 1928-இல் ஒரு சிறு தொழிற்சாலை தொடங்கியிருந்தார். வீட்டு வானொலிகளைப் பாட்டரி இன்றி மின்சாரத்தில் இயக்க உதவும் கருவியே அவர்களுடைய முதற்பொருள். 1929-இல் பங்குச் சந்தை வீழ்ந்து நாடே தளர்ந்தது. புதிய பொருள் ஒன்று வேண்டும் என்ற நெருக்கடியில் அவர்கள் கார் வானொலியில் இறங்கினார்கள். 1930-ஆம் ஆண்டு ஜூன் மாதம், அட்லாண்டிக் சிட்டியில் வானொலி உற்பத்தியாளர் மாநாடு கூடியது. உள்ளே தமக்கென அரங்கம் பெற்றிராத கால்வின், வானொலி பொருத்திய தம் ஸ்டூட்பேக்கர் காரை வெளியே நிறுத்தி, வருவோர் போவோர் கேட்கும்படி அதனைப் பாட வைத்தார். 110 முதல் 130 டாலர் வரை விலை பெற்ற அந்த வானொலிக்கு மோட்டோரோலா என்று பெயரிட்டார். 1947-இல் அப்பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று.

மின்னழுத்தத்தை அடுத்து வந்த எதிரி இரைச்சல். ஸ்பார்க் பிளக்கில் பல்லாயிரம் வோல்ட் மின்பொறி தெறிக்கும்போதெல்லாம் வானொலி அலை பிறக்கிறது. 1880-களில் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அலைகளின் உண்மையை மெய்ப்பித்தது மின்பொறியைக் கொண்டுதானே? அப்படியானால் ஓடும் ஒவ்வொரு காரும் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம்! அதன் படபடப்பைப் பெருக்கி உண்மையோடு பெருக்கித் தந்தது. நல்ல ஒலி, தீய ஒலி என்று பிரித்தறியும் திறன் பெருக்கிக்கு இல்லை. எனவே பொறியாளர்கள் பிளக்குகளில் மின்தடைகளையும், டைனமோவில் கண்டென்சரையும் பொருத்தி, இரைச்சலைப் பிறந்த இடத்திலேயே அடக்கினார்கள்.

1930-களின் தொடக்கத்தில் வைப்ரேட்டர் என்னும் எளிய கருவி பரவியது. ஒரு மெல்லிய உலோக நாக்கு நொடிக்கு நூறு முறைக்கும் மேலாக அதிர்ந்து, பாட்டரியின் நேர்மின்னோட்டத்தை விட்டுவிட்டுப் பாயச் செய்யும். விட்டுவிட்டுப் பாயும் மின்னோட்டத்தை மின்மாற்றியால் உயர்த்தலாம் என்பது நீங்கள் படித்ததே. இவ்வாறு 6 வோல்ட்டிலிருந்தே வால்வுக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் கிடைத்தது. உலர் பாட்டரிப் பெட்டி விடைபெற்றது.

1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1955-ஆம் ஆண்டில் பில்கோ நிறுவனம் வால்வே இல்லாத கார் வானொலியைச் செய்து தர, கிரைஸ்லர் நிறுவனம் அதனைத் தன் உயர்தரக் கார்களில் 150 டாலர் கூடுதல் விலைக்கு வழங்கியது. டிரான்சிஸ்டருக்கு உயர் மின்னழுத்தம் தேவையில்லை. அக்காலத்தில் கார் பாட்டரியும் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டாக உயர்ந்துகொண்டிருந்தது. போராட்டம் முடிந்ததென்றே பலரும் எண்ணியிருப்பர்.

முடியவில்லை. ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம், "இதனால் என்ன பயன், ஐயா?" என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. அதற்கு விடை இங்கே இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது ஏறத்தாழ 14 வோல்ட். எளிய பெருக்கியில் ஒலியலை அதன் பாதியளவே, அதாவது 7 வோல்ட்டே மேலெழ முடியும். 7-இன் வர்க்கம் 49. 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதனை 8-ஆல் வகுத்தால் சுமார் 6 வாட். அதற்கு மேல் எவ்வளவு திருகினாலும் வராது. இரண்டு பெருக்கிகளை ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் எதிரெதிராக இணைத்தால் 14 வோல்ட் முழுவதும் பயன்பட்டு, ஆற்றல் நான்கு மடங்காகி 24 வாட் கிடைக்கும். அதற்கும் மேல் வேண்டுமென்றால்? மின்னழுத்தத்தையே உயர்த்த வேண்டும்.

அங்கேதான் பழைய வைப்ரேட்டர் மறுபிறவி எடுத்தது. பிற்காலத்து ஆற்றல்மிக்க கார் பெருக்கிகளுக்குள், நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை வெட்டி, சிறிய மின்மாற்றியால் உயர்த்தும் பகுதி ஒன்று இருக்கிறது. உலோக நாக்கின் வேலையை டிரான்சிஸ்டர் ஏற்றுக்கொண்டது. கருத்து 1930-களின் கருத்தே.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. பெருக்கி 350 வாட் உட்கொள்கிறது என்று கொள்வோம். வீட்டின் 230 வோல்ட்டில் அதற்கு ஒன்றரை ஆம்பியர் போதும். காரின் 14 வோல்ட்டிலோ 25 ஆம்பியர் வேண்டும். கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதே கம்பியில் 250 மடங்குக்கும் மேற்பட்ட வெப்பம் உண்டாகும். கார் பெருக்கிக்குத் தடித்த கம்பி இடுவதும், பாட்டரிக்கு மிக அருகிலேயே பியூஸ் வைப்பதும் இதனாலேயே. பியூஸ் தொலைவில் இருந்தால், இடையிலுள்ள கம்பி உரசித் தோல் கிழிந்து காரின் உடலைத் தொடும்போது, தீயைத் தடுக்க எதுவும் இராது.

ஸ்பீக்கர் வைக்கும் இடத்துக்கும் வரலாறு உண்டு. நெடுங்காலம் காருக்கு ஒரே ஸ்பீக்கர்தான். 1965-இல் போர்டு நிறுவனம் 1966-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் எட்டுத்தட ஒலிநாடாக் கருவியை வழங்கியபின், இரு பக்கமும் ஒலிக்கும் ஸ்டீரியோ பரவியது. 1983-ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் சிலவற்றில் ஜெனரல் மோட்டார்ஸ், போஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, அந்தந்தக் காரின் உட்புறத்துக்கு ஏற்ப அளந்தமைத்த ஒலியமைப்பைத் தந்தது. அளப்பானேன்? ஓட்டுநர் நடுவில் அமர்வதில்லை. ஒரு ஸ்பீக்கர் மற்றதைவிட 1 மீட்டர் அருகிலிருந்தால், ஒலி நொடிக்கு 340 மீட்டர் செல்வதால், அதன் ஒலி மூன்று மில்லி நொடி முன்னதாக வந்துவிடும். பாடகர் அந்தப் பக்கமே நிற்பதுபோல் தோன்றும். அருகிலுள்ள ஸ்பீக்கரை அந்த மூன்று மில்லி நொடி தாமதிக்கச் செய்தால் பாடகர் நடுவுக்கு வந்துவிடுவார்.

பெருக்கியில் கெயின் என்றொரு திருகு உண்டு. அதனை ஒலியைக் கூட்டும் திருகு என்று பலர் எண்ணுகிறார்கள். வரும் மின்குறிப்பின் அளவுக்குப் பெருக்கியைப் பொருத்துவதே அதன் பணி. அளவு மீறித் திருகினால், கிடைக்கும் மின்னழுத்தத்தைத் தாண்ட இயலாத அலையின் முடி வெட்டுண்டு தட்டையாகும். இசை கரகரக்கும், ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் சூடேறிக் கருகும்.

இளைஞர்களே! மின்னழுத்தத்தின் எல்லையை மனிதன் அறிவால் வென்றுவிட்டான். செவியின் எல்லையை வெல்லும் கருவி இல்லை. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரமே என்பது, கையடக்க ஒலிக்கருவிகளுக்காக உலக சுகாதார நிறுவனம் தரும் அளவு. காரில் கேட்டாலும் காது அதே காதுதான். செவியின் உட்புறத்து நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அவற்றைக் காக்கும் பியூஸ் எந்தக் கடையிலும் கிடைக்காது.

எஞ்சினின் இரைச்சலைத் தாண்டி ஒரு மனிதக் குரல் கேட்க வேண்டும் என்பதற்காக 1930-இல் அத்தனை பாடுபட்டார்கள். இன்று நம் காரின் பாட்டு, பின்னால் வரும் ஆம்புலன்ஸின் குரலை மூடிவிடுமானால், அவர்கள் பட்ட பாட்டை நாம் தலைகீழாக்கியவர்கள் ஆவோம். பெருக்கும் ஆற்றல் கைக்கு வந்துவிட்டது. எந்த அளவில் நிறுத்துவது என்பதை அறிந்தவரே அந்த ஆற்றலுக்கு உரியவர்.