முல்லைத்தீவுக் கரையில் வெளியிணைப்பு இயந்திரம்: பேணுதலின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

இலங்கை மீன்பிடித் தொழிலின் இயந்திரமயமாக்கம் பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் வழங்கப்பட்ட படகுகளையும் இயந்திரங்களையும் எண்ணுவதோடு அமைந்துவிடுகின்றன. வழங்கப்பட்ட இயந்திரம் எத்தனை பருவம் ஓடிற்று, எவர் கைத்திறனால் ஓடிற்று என்ற வினா எழுவதில்லை. வன்னியின் கிழக்குக் கரையைப் பொறுத்தவரை அவ்வினாவே முதன்மையானது என நாம் கருதுகின்றோம்.

1950களில் தொடங்கிய இயந்திரமயமாக்கம், 1964இல் மீன்பிடிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டதன் பின்னர் விரிவடைந்தது. கரைவலையில் சம்மாட்டியின் கீழ்ப் பலர் கூடி உழைத்த இடத்தில், இரண்டு மூன்று பேர் சிறுபடகிற் கடலேகுதல் இயல்வதாயிற்று. இதனை விடுதலை என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. கடனுக்கு இயந்திரம் வாங்கியவன், கடன் கொடுத்தவனுக்கே மீனையும் விற்க நேர்ந்தது. இயந்திரம் பழுதுற்றுக் கரையிற் கிடந்த நாட்களிலும் வட்டி ஓடிக்கொண்டேயிருந்தது. பழுதுபார்த்தல் தொழில்நுட்ப விடயம் மாத்திரமன்று, உற்பத்தி உறவு சார்ந்த விடயமுமாகும் என்பது இங்கு புலனாகும்.

1909இல் அமெரிக்காவில் ஓலே எவின்றூட் விற்பனைக்குக் கொணர்ந்த இயந்திரம் ஏரிக்கரையிற் பிறந்தது. முல்லைத்தீவோ உப்பும் மணலும் அலையும் மலிந்த திறந்த கரை. படகு மணலில் ஏறுமுன் இயந்திரத்தைச் சரித்துத் தூக்கத் தவறின், குளிர்விக்கும் நீரோடு மணலும் உட்சென்று, நீரேற்றும் இறப்பர்ச் சில்லைத் தேய்த்துவிடும். நீர் ஏறாவிடின் இயந்திரம் சூடேறிப் பிஸ்ரன் இறுகிவிடும். நன்னீரிற் கழுவாது விட்டால் உப்பு உறைந்து நீர்வழி அடைபடும். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தைப் பெற்றோலிற் தொடக்கி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பிளக்கிற் கரி படிவதும் இதில் அதிகம். வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்க, இயந்திரங்கள் கழற்றிப் பார்க்கப்படும். கரையிற் கேட்டும் பார்த்தும் தலைமுறையாகக் கைமாறிய அறிவு இது.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் எரிபொருள், மின்கலம், வாகன உதிரிப்பாகம் முதலியன வடக்கே செல்வது தடுக்கப்பட்டது. காபரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய அக்கால வழக்கம் பலரும் அறிந்ததே. நகரத்தார் அதனைப் புதுமையென வியந்தனர். கரையோரத்தானுக்கு அது பழகிய முறையின் மறுபதிப்பு. புதிய பாகம் வாராத கரையில் பழைய இயந்திரமே பாகங்களின் களஞ்சியமாயிற்று.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் சிறிது மூச்சுவிட இடமளித்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவு நகரையே அழித்தது. பின்வந்த நிவாரணத்திலும் எத்தனை படகு, எத்தனை இயந்திரம் என்ற கணக்கே மேலோங்கிற்று. 2009இல் போர் முடிந்தபோது, இடம்பெயர்ந்த மக்கள் அவற்றையும் இழந்திருந்தனர்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. காபரேற்றர் சரிவரச் சீர்செய்யப்படாத இயந்திரம் வீணே குடிக்கும் எரிபொருளின் விலை அப்போது ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. தொழிலுக்குச் செல்வதா, படகைக் கரையில் விடுவதா என்பதை, காபரேற்றரைத் திருத்துபவனின் கையும் ஓரளவு தீர்மானிக்கலாயிற்று.