கேஷ் நினைவக அளவும் கணினியின் வேகமும்

கேஷ் நினைவகம் என்பது செயலிக்கும் ரேமுக்கும் நடுவே அமைந்த சிறிய, மிக விரைவான நினைவகம். செயலி அடிக்கடி கேட்கும் தரவும் கட்டளைகளும் ரேமிலிருந்து நகலாகி இதில் தங்குகின்றன. ரேமில் ஒரு பிட்டைக் காக்க ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும். கேஷில் பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர் தேவைப்படும். 16 ஜிகாபைட் ரேம் உள்ள மடிக்கணினியிலும் கேஷ் சில மெகாபைட்டோடு நின்றுவிடுவதற்கு இந்தச் செலவே முதல் காரணம்.

இந்த எண்ணத்தைக் கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் 1965-இல் ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டார். 1968-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 மாடல் 85 அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேசைக் கணினிகளில் இன்டெல் 80486 (1989) 8 கிலோபைட் கேஷைச் செயலிச் சில்லுக்குள்ளேயே வைத்தது. இன்று பெரும்பாலான செயலிகளில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. செயலியின் கணக்கீட்டுக் கருவை (கோர்) ஒட்டியுள்ள எல்1 பெரும்பாலும் 32 அல்லது 48 கிலோபைட். அது செயலியின் நான்கைந்து கடிகாரத் துடிப்புகளில் பதில் தரும். எல்2 சில நூறு கிலோபைட்டிலிருந்து ஓரிரு மெகாபைட் வரை. அதற்குச் சுமார் 15 துடிப்புகள். கருக்கள் எல்லாம் பகிர்ந்துகொள்ளும் எல்3-க்கு 40 முதல் 70 துடிப்புகள் ஆகும். அதையும் தாண்டி ரேமுக்குப் போனால் 3 ஜிகாஹெர்ட்ஸ் செயலி 200 துடிப்புகளுக்கு மேல் காத்திருக்க நேரும்.

கேஷ் பெரிதானால் கேட்ட தரவு அதில் கிடைக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் கம்பிகள் நீள்வதாலும் தேட வேண்டிய இடம் பெருகுவதாலும் பதில் வரத் தாமதமாகும். கேஷ் 4 துடிப்பில் பதில் தருகிறது, தவறினால் ரேமுக்கு 200 துடிப்பு, தவறும் விகிதம் 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் சராசரிக் காத்திருப்பு 14 துடிப்பு. கேஷைப் பெரிதாக்கித் தவறும் விகிதத்தை 2 விழுக்காட்டுக்குக் குறைத்தால் சராசரி 8 ஆகும். பெரிதாக்கியதாலேயே கேஷின் பதில் 6 துடிப்புக்கு நீண்டுவிட்டால் 10. அதுவும் ஆதாயம்தான், ஆனால் மூன்றில் இரண்டு பங்கே மிஞ்சிய ஆதாயம். பொறியாளர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்குப்படி, அளவை இரட்டிப்பாக்கினால் தவறுதல் சுமார் 30 விழுக்காடு குறையும். அளவு இரு மடங்கானாலும் வேகம் இரு மடங்காவதில்லை.

நிரல் எழுதும் விதமும் அளவின் பயனைத் தீர்மானிக்கும். எட்டு பைட் எண்கள் நிறைந்த 1000 × 1000 அணி 8 மெகாபைட் பிடிக்கும். கேஷ் தரவை 64 பைட் வரிகளாகவே எடுத்துவரும். அணியைக் கிடைவரிசையாகப் படித்தால் ஒரு தடவை எடுத்த கேஷ் வரியில் எட்டு எண்களும் பயன்படும். நெடுவரிசையாகப் படித்தால் ஒவ்வோர் எண்ணுக்கும் புது வரி. ஒரு நெடுவரிசையை முடிக்க 1000 வரிகள், அதாவது 64,000 பைட் தேவை. 32 கிலோபைட் எல்1-இல் அது அடங்காது; அடுத்த நெடுவரிசைக்குத் திரும்பும்போது முந்தைய வரிகள் வெளியேறியிருக்கும். 256 கிலோபைட் எல்2 இருந்தால் அங்கே பத்திரமாக இருக்கும். இதே வேலையை 1024 × 1024 அணியில் செய்தால் இன்னும் மோசம். ஒரு நெடுவரிசையின் எண்கள் 8192 பைட் இடைவெளியில் அமைவதால், வழக்கமான எல்1 அமைப்பில் எல்லா வரிகளும் ஒரே எட்டு இடங்களுக்குப் போட்டியிடும். கேஷின் மற்ற இடங்கள் காலியாகக் கிடந்தாலும் பயனில்லை. எண்கள் 5 விழுக்காடுகூடக் கூடவில்லை, வேகமோ அதைவிடப் பன்மடங்கு சரியும். தவறுதல்களை 'முதன்முறை', 'இடப் பற்றாக்குறை', 'மோதல்' என்று பிரிக்கும் கணினி ஆய்வாளர் மார்க் ஹில்லின் வகைப்பாட்டில் இது மூன்றாம் வகை.

கேஷ் அளவின் விளைவைப் பொதுமக்கள் கையில் வைத்துப் பார்த்தது 1998-இல். அதற்கு மலேசியாவோடு தொடர்பு உண்டு. பினாங்கில் 1972 முதல் இன்டெல் நிறுவனத்தின் பொதியல், சோதனை ஆலை இயங்குகிறது. அந்நிறுவனத்தின் பல செயலிகளின்மேல் 'மலாய்' என்ற முத்திரை இருப்பது அதனால்தான். 1998 ஏப்ரலில் மலிவுவிலைக் கணினிகளுக்காக 266 மெகாஹெர்ட்ஸ் செலரான் வந்தது. அது பென்டியம் 2-இன் அதே கரு, ஆனால் 512 கிலோபைட் எல்2 முழுவதும் நீக்கப்பட்டது. அலுவலக மென்பொருள்களில் அது தடுமாறியது. விநோதம் என்னவென்றால், அன்றைய முப்பரிமாண விளையாட்டுகளில் அவ்வளவாகப் பின்தங்கவில்லை. அவற்றின் முக்கியக் கணக்கீடுகள் 32 கிலோபைட் எல்1-க்குள் பெரிதும் அடங்கின.

ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ வேறு கதை. அதில் 128 கிலோபைட் எல்2 சில்லுக்குள்ளேயே, செயலியின் முழு வேகத்தில் ஓடியது. அந்த எல்2-க்கு மட்டும் 60 லட்சத்துக்கு மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் செலவாகின. பென்டியம் 2-இன் 512 கிலோபைட்டோ தனிச் சில்லுகளில், செயலியின் பாதி வேகத்தில் இருந்தது. செயலியை நினைவகத்தோடு இணைக்கும் பஸ்ஸின் வேகத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் 300ஏ 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பெரும்பாலான சோதனைகளில் பென்டியம் 2 450-ஐ எட்டிப் பிடித்தது. முன்னது 149 டாலர், பின்னது 669 டாலர் என்பது அறிமுக விலை. செப்டம்பரில் ரிங்கிட் டாலருக்கு 3.80 என்று நிலைநிறுத்தப்பட்டபின் கணக்கிட்டால் சுமார் 570 ரிங்கிட்டுக்கும் 2,540 ரிங்கிட்டுக்கும் உள்ள வேறுபாடு. ஆசிய நிதி நெருக்கடி நிலவிய அந்த ஆண்டில் அது சின்னத் தொகையன்று. கால் பங்கு அளவுள்ள கேஷ், இரு மடங்கு வேகத்தால் ஈடுகட்டிய இந்த வழக்கைப் பாடநூல்கள் இன்னும் அதிகமாகச் சொல்லலாம்.

அதற்குச் சில ஆண்டுகள் முன் கேஷ் பெயரில் மோசடியும் நடந்தது. 486 கால மதர்போர்டுகள் சிலவற்றில் உள்ளே சிலிக்கானே இல்லாத வெறும் பிளாஸ்டிக் கேஷ் சில்லுகள் பொருத்தப்பட்டு, கணினி தொடங்கும்போது 256 கிலோபைட் இருப்பதாகத் திரையில் காட்டும்படி பயோஸ் திருத்தப்பட்டிருந்தது. ஒப்பிட இன்னொரு கணினி இல்லாதவர்களுக்குக் குறை எளிதில் தெரிய வழியில்லை.

விளையாட்டுக்கும் கேஷுக்கும் உள்ள உறவு இப்போது தலைகீழ். 2022 ஏப்ரலில் ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியின்மேல் 64 மெகாபைட் கூடுதல் கேஷ் சில்லை அடுக்கி, எல்3-ஐ 32-இலிருந்து 96 மெகாபைட்டாக்கியது. அதற்காக உச்ச வேகம் 4.7-இலிருந்து 4.5 ஜிகாஹெர்ட்ஸாகக் குறைந்தது. பரந்த உலகங்களையும் நூற்றுக்கணக்கான பொருள்களையும் ஒவ்வொரு காட்சிக்கும் புரட்டிப் பார்க்கும் விளையாட்டுகளில் அது தெளிவாக முந்தியது. வீடியோ மாற்றுதல், முப்பரிமாணப் படம் தீட்டுதல் போன்றவற்றில் குறைந்த துடிப்பு வேகத்தால் சாதாரண 5800எக்ஸுக்குச் சற்றே பின்தங்கியது. தரவு ஒருமுறை வந்து போய்விடும் பெரிய கோப்பு நகலெடுப்பில் எந்தக் கேஷும் உதவாது.

ஸ்ரீ கெம்பாங்கானுக்குத் தெற்கே சைபர்ஜெயாவில் குவிந்துள்ள தரவு மையங்கள் போன்ற இடங்களில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. ஒரே செயலியில் பல வாடிக்கையாளர்களின் மெய்நிகர் கணினிகள் ஓடும்போது எல்3 பொதுச் சொத்து. பெரிய தரவை ஓயாமல் புரட்டும் ஒருவரின் நிரல் பக்கத்தவரின் தரவை வெளியே தள்ளிவிடும். பக்கத்தவருக்குத் தன் கணினி ஏன் மந்தமானது என்றே புரியாது. இதற்காகச் சர்வர் செயலிகளில் எல்3-ஐப் பங்குபோட்டு ஒதுக்கும் வசதி உண்டு. அளவைக் கூட்டும் வழியும் இருக்கிறது: ஏஎம்டி எபிக் 9684எக்ஸ் (2023) 1,152 மெகாபைட் எல்3 கொண்டது.

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவிலோ அக்கம்பக்கக் கடைகளிலோ மடிக்கணினியின் விலைச்சீட்டில் செயலியின் பெயர், ரேம், எஸ்எஸ்டி ஆகியவை இருக்கும். கேஷ் பெரும்பாலும் இருக்காது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் செயல்திறன் பகுதியில் சிபியு-வைத் தெரிவுசெய்தால் மூன்று அடுக்குகளின் அளவும் தெரியும். அங்கே எல்1-க்கும் எல்2-க்கும் காட்டப்படுவது எல்லாக் கருக்களின் மொத்தம். எட்டுக் கருச் செயலியில் 512 கிலோபைட் எல்1 என்றிருந்தால் ஒரு கருவுக்குக் கிடைப்பது 64 மட்டுமே. அதிலும் பாதி கட்டளைகளுக்கும் பாதி தரவுக்கும் போகலாம். ரேம் நிரம்பி எஸ்எஸ்டியைத் துணைக்கு அழைக்கும் 4 ஜிகாபைட் கணினியில் பெரிய எல்3 இருந்து பெரிதாகப் பயனில்லை. அங்கே முதலில் கூட்ட வேண்டியது ரேம்.