லினக்ஸ் லேப்டாப் அடிக்கடி உறைந்துபோகுதா? அவசரப்பட்டு எஃப்எஸ்சிகே ஓட்டாதீங்க

வேலை நடுவில் ஸ்கிரீன் உறைகிறது. ரீஸ்டார்ட் செய்த பிறகு எந்த ஃபைலையும் சேவ் பண்ண முடியவில்லை, 'ரீட்-ஒன்லி' என்கிறது. பதறாதீங்க. ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் பிழை தெரிந்ததும், மேலும் கெடாமல் இருக்க உபுண்டு எழுதுவதை நிறுத்திவிடும். அது பாதுகாப்பு ஏற்பாடுதான்.

உடனே பலரும் ஓட்டுவது எஃப்எஸ்சிகே கட்டளை. சிக்கலே அங்கேதான். அது டிஸ்க்கில் எழுதித் திருத்தும் கருவி. ரேம் பழுது என்றால், தப்பான தகவலை நம்பி நல்ல ஃபைலையும் கெடுத்துவிடலாம். மவுன்ட் ஆகியிருக்கும் பார்ட்டிஷனில் ஓட்டினால் இன்னும் மோசம்.

அதனால் முதலில் லைவ் யுஎஸ்பி-யில் பூட் பண்ணி, முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு காப்பி பண்ணிடுங்க. பிறகு ஸ்மார்ட்சிடிஎல் மூலம் டிஸ்க்கின் நிலையைப் பாருங்க. ஹார்டு டிஸ்க்கில் 'பெண்டிங் செக்டர்' எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், டிஸ்க்கை மாற்றுவதுதான் வழி. அடுத்து மெம்டெஸ்ட்86+. நேரம் எடுக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பாதீங்க.

இரண்டும் சரி என்றால் மட்டும், லைவ் யுஎஸ்பி-யில் இருந்தே எஃப்எஸ்சிகே ஓட்டலாம்.

கிராஷுக்கான காரணம் தெரியணுமா? முந்தைய பூட்டின் பதிவை ஜர்னல்சிடிஎல் காட்டும். கடைசி வரிகளில் 'ஐ/ஓ எரர்' இருந்தால் டிஸ்க், கேபிள் பக்கம் பாருங்க. எதுவுமே எழுதாமல் பாதியில் அறுந்திருந்தால் சூடு, பவர் சப்ளை இரண்டையும் சந்தேகிக்கலாம்.

ரிப்பேருக்குப் பிறகு ஏதாவது ஃபைல் காணோமா? 'லாஸ்ட்+ஃபவுண்ட்' ஃபோல்டரைத் திறந்து பாருங்க. பெயர் போய், வெறும் எண்ணோடு அங்கே கிடக்கலாம்.