தபால் தலை இல்லாத ஏடு

பள்ளியில் எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் கிரிம் என்பவரைப் பற்றிச் சொல்வார். 1753 முதல் பாரிஸ் நகரத்து இலக்கியச் செய்திகளை எழுதி, கையால் பிரதி எடுக்கச் செய்து, வெளிநாட்டு அரசர்களுக்கு அனுப்பியவர். அச்சில் ஏறாததால் தணிக்கைக்குத் தப்பியது. சந்தாதாரர்கள் சுமார் பதினைந்து பேர்தான். ரஷ்யாவின் மகாராணி காதரீன் அவர்களில் ஒருவர்.

வாலிபத்தில் நானும் இரண்டு நண்பர்களும் சைக்ளோஸ்டைலில் ஒரு சிற்றேடு நடத்தினோம். எழுத விஷயத்துக்குப் பஞ்சமில்லை. தபால் தலைக்குத்தான் காசில்லை. நான்காம் இதழோடு நின்றது.

அந்தத் தடையை நீக்கியது மின்னஞ்சல். அமெரிக்காவின் இத்தாகா ஊரில் ஆடம், டோன்யா எங்ஸ்ட் தம்பதி 1990-இல் 'டிட்பிட்ஸ்' என்ற வார ஏட்டைத் தொடங்கினார்கள். விஷயம், மெக்கின்டாஷ் கணினி. 1994-இல் கிளீவ்லாந்தில் மேற்படிப்பில் இருந்த நம் நாட்டவர் அனு கார்க், தினம் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பொருளோடு அனுப்பலானார். அதே ஆண்டு, நாசாவின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த ராண்டி காசிங்ஹாம், விசித்திரமான உண்மைச் செய்திகளை வாரந்தோறும் அனுப்பினார். சுருக்கமான இதழ் இலவசம், முழு இதழுக்குச் சந்தா என்று பிறகு ஏற்பாடு செய்தார். 1996-இல் உத்தியோகத்தையே விட்டுவிட்டார்.

அச்சகம் இல்லை, முதலாளி இல்லை. பத்துப் பேருக்கும் பத்தாயிரம் பேருக்கும் அனுப்பும் செலவில் பெரிய வித்தியாசமும் இல்லை. தவணை தவறாமல் எழுதுவது ஒன்றே பாடு. அனு கார்க்கின் சொல் 30 ஆண்டு தாண்டியும் வருகிறது.

எங்கள் ஐந்தாம் இதழுக்கு எழுதிய கட்டுரை இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது.