கூண்டுக்கு வந்த ஆஸ்திரேலியக் கிளி

தமிழக வீடுகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று வளர்க்கப்படும் சிறு கிளிகளில் பல, உண்மையில் பட்ஜரிகர் என்னும் ஆஸ்திரேலியப் பறவைகள். லவ் பேர்ட்ஸ் என்பது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம்.

பட்ஜரிகரை 1805இல் ஜார்ஜ் ஷா அறிவியல் முறைப்படி விவரித்தார். 1840இல் ஜான் கூல்டு இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். கூண்டிலேயே குஞ்சு பொரிப்பதால் இவை பல நாடுகளுக்கும் பரவின.

நம் ஊரில் நெடுங்காலம் கூண்டில் இருந்தது பச்சைக்கிளி. கிளி ஜோதிடத்தில் சீட்டு எடுப்பதும் அதுவே. அதன் குஞ்சுகளை மரப்பொந்துகளிலிருந்து பிடித்து விற்றார்கள். இன்று அதைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டுப் பறவையான பட்ஜரிகருக்கு இந்தத் தடை இல்லை.

கூண்டில் மண்பானை கட்டுவதற்கும் காரணம் உண்டு. காட்டில் இது மரப்பொந்தில் முட்டையிடும். பானையின் இருட்டு அதற்குப் பொந்தாகிறது. வழக்கமாக 4 முதல் 6 முட்டைகள் இடும். சுமார் 18 நாளில் குஞ்சு பொரியும்; ஏறக்குறைய ஐந்து வாரத்தில் குஞ்சு வெளியே வரும். தினையுடன் கீரையும், சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடும் தர வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் மழை பெய்து புல்விதை பெருகும்போதுதான் இவை இனம் பெருக்கும். கூண்டிலோ ஆண்டு முழுதும் தீனி கிடைப்பதால் ஓயாமல் முட்டையிட்டுத் தாய்ப்பறவை நலிந்துவிடும். எனவே இரண்டு ஈட்டுக்குப் பின் பானையை எடுத்துவிட வேண்டும். இரக்கப்பட்டு வெளியே பறக்கவிடுவதும் தவறு. கூண்டில் பிறந்த பறவைக்கு இரை தேடத் தெரியாது.