சொங்யே மரச்சிலைகள் - வயிற்றுக்குள் என்ன இருக்கு?

ஆப்பிரிக்கக் கலைக்கூடங்களில் "முன்னோர் சிலை" என்ற அட்டையோடு நிற்கும் மரச்சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் சொங்யே மக்களுடையதை அடையாளம் காண்பது எளிது.

பெரிய தலை. சதுரமான தாடை. உப்பிய வயிறு. அதன் இருபுறமும் வைத்த கைகள்.

ஆனால் அந்த அட்டை பாதி உண்மையைத்தான் சொல்லுது.

யார் இவர்கள்?

சொங்யே மக்கள் வாழ்வது கொங்கோ ஜனநாயகக் குடியரசில், லொமாமி ஆற்றை ஒட்டிய வட்டாரத்தில்.

சிலையை அவர்கள் "ங்கிஷி" என்பார்கள். அது இறந்துபோன ஒரு தாத்தாவின் உருவம் அல்ல. முன்னோர் ஆவிகளின் துணையோடு நோய், சூனியம், பிள்ளையில்லாக் குறை ஆகியவற்றிலிருந்து காக்கும் என்று நம்பப்பட்ட காவல் பொருள்.

செதுக்கினால் போதுமா?

போதாது. சிற்பி செதுக்கி முடிக்கும்போது அது வெறும் மரம்தான்.

பிறகு வருபவர் "ங்கங்கா" எனும் சடங்கு வல்லுநர். விலங்கு, செடி, மண் ஆகியவற்றிலிருந்து எடுத்த பொருள்களை வயிற்றுக் குழியிலும் தலை உச்சியில் செருகிய கொம்பிலும் அடைப்பார். இவற்றின் பெயர் "பிஷிம்பா". அதற்கு அப்புறம்தான் சிலைக்குச் சக்தி வருவதாக நம்பிக்கை. பார்வையாளர் வியப்பது செதுக்கலை. ஊரார் மதித்ததோ உள்ளே இருந்ததை!

முகத்தில் செம்புத் தகடு, ஆணி. இடுப்பில் நார்ப்பாவாடை. சிலவற்றில் சோழியும் உண்டு.

சிறிய சிலை தனி ஆளுக்கோ குடும்பத்துக்கோ. சுமார் ஒரு மீட்டர் உயரமுள்ளவை ஊருக்கே பொது. அவற்றைக் கையால் தொடமாட்டார்கள். கழிகளைக் கட்டித்தான் தூக்கிச் செல்வார்கள்.

ஐரோப்பாவுக்குப் போனது எப்படி?

1885இல் கொங்கோ பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனி உடைமையானது. 1908 முதல் 1960 வரை பெல்ஜியத்தின் காலனி. அந்த ஆண்டுகளில் அதிகாரிகள், சமயப் பரப்பாளர்கள், வணிகர்கள் வழியாக ஏராளமான சிலைகள் வெளியேறின. கொம்போ வயிற்றுப் பொருளோ இல்லாமல் நிற்பவையும் உண்டு.

திரும்பி வருமா?

2022 ஜூனில் கின்ஷாசா சென்ற பெல்ஜிய மன்னர் பிலிப், சூக்கு மக்களின் "ககூங்கு" முகமூடியை அங்குள்ள தேசிய அரும்பொருளகத்திடம் ஒப்படைத்தார். கொடுத்தது சொந்தமாக அல்ல, காலவரையற்ற இரவலாக!

அதே ஆண்டு, காலனித்துவ காலத்தில் முறையின்றி எடுக்கப்பட்டவற்றைத் திருப்பித் தர பெல்ஜியம் சட்டம் இயற்றியது. அது மத்திய அரசாங்கத்தின் வசமுள்ள பொருள்களுக்கு மட்டுமே. ஏலத்தில் கைமாறித் தனியார் வீடுகளில் நிற்கும் சொங்யே சிலைகளை அது தொடாது.